சோறு போட்டவர் முன் வாய் திறந்தவர்கள்: இலக்கியப் பாத்திரங்களின் துணிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளிகளிலும் நூலக வாசிப்பு வட்டங்களிலும் இலக்கியம் பேசப் போனால், பேச்சை விடக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆகும். கேட்பவர்களில் மாணவர்கள் உண்டு, பட்டிமன்றத்துக்குத் தயாராகும் ஆசிரியர்கள் உண்டு, முந்தின வாரம் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்துவிட்டு வந்த பெரியவர்களும் உண்டு. அதனால் பாதிக் கேள்வி இந்தப் பக்கத்தை ஆண்ட அதியமானைப் பற்றி இருக்கும், மீதியில் பெரும்பகுதி கர்ணனைப் பற்றி. திரும்பத் திரும்ப வருகிறவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது கொடைதானே? அதில் துணிவு எங்கே வந்தது?

கதை எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே பாட்டை யாரும் படிப்பதில்லை. புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவையார் சொல்வது இதுதான்: பெரிய மலைப் பிளவில், ஏற முடியாத உச்சியில் இருந்து கொண்டுவந்த நெல்லிக்கனி. அதைப் பெறுவது எவ்வளவு அரிது என்று நீ எண்ணிப் பார்க்கவில்லை. தின்றால் என்ன பலன் என்பதையும் உன் மனதுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சாவு என்னை விட்டு நீங்கும்படி எனக்குக் கொடுத்துவிட்டாய்.

அந்த "அடக்கி" என்ற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கனியின் குணத்தை முன்பே சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா? சந்தேகம்தான். வாங்கியிருந்தாலும் ஆயுள் முழுக்க அந்த நன்றியைச் சுமந்துகொண்டு திரிந்திருப்பார். அதியமான் அந்தச் சுமையையும் சேர்த்தே தவிர்த்துவிட்டான். அவன் சுற்றிலும் பகை வைத்திருந்தவன், அதிக ஆயுள் தேவைப்பட்டவன். களத்தில் உயிரைப் பணயம் வைப்பது அந்தக் காலத்து அரசனுக்கு அன்றாட வேலை, பார்க்கவும் பாடவும் ஆள் இருக்கும். தன் ஆயுளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதற்கு அப்படிப் பார்வையாளர் யாரும் கிடையாது. யாரும் பார்க்காதபோது ஒரு பாத்திரம் என்ன தேர்ந்தெடுக்கிறது என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

அப்படியானால் அதியமான் குறையே இல்லாதவனா?

இல்லை. இதே அதியமான் கோவலூரை அழித்தவன். அதைப் பரணர் பாடினார் என்று ஔவையே 99ஆம் பாட்டில் பெருமையாகச் சொல்கிறார். 100ஆம் பாட்டில், போர் முடிந்து வந்து புதிதாகப் பிறந்த மகனைப் பார்க்கிறான். பகைவனைப் பார்த்த கண்ணின் சிவப்பு மகனைப் பார்த்தும் மாறவில்லை. வீரத்தைப் புகழும் பாட்டுதான். எனக்கு அதைப் படிக்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குக் குகைப் பள்ளி கொடுத்ததைச் சொல்கிறது. ஊரை எரித்த கையும் குகையைக் கொடுத்த கையும் ஒன்றே. இதில் ஏதாவது ஒன்றை மறைத்துவிட்டுப் பேசினால் சிலை வைக்கலாம், பாத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை நேராகப் பேசாமல் சுற்றி வளைத்துப் பேசினாரே, அது துணிவா?

95ஆம் பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டுகிறான். பார்த்துவிட்டு ஔவை சொல்கிறார்: இங்கே இருப்பவை மயில்பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன.

கேட்பவனுக்கு முதலில் புகழ்ச்சி போலத்தான் இருக்கும். உன் வேல் பளபளப்பதற்குக் காரணம் அது வேலைக்கே போனதில்லை என்பது மெல்லத்தான் உறைக்கும். பகையரசன் வீட்டுக்குள், அவன் காவலர்கள் நடுவில், அவன் ஆயுதங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பாடினி இதைச் சொல்கிறார். "உன்னால் ஜெயிக்க முடியாது" என்று நேராகச் சொல்லியிருந்தால் அவன் மானம் போயிருக்கும், மானத்துக்காகவாவது போர் தொடுத்திருப்பான். அவன் பின்வாங்க ஒரு வழி விட்டு, உண்மையையும் சொல்லியாகிவிட்டது. உரக்கப் பேசுவதுதான் துணிவு என்று நினைத்துக்கொண்டு மேடையில் மைக்கைப் பிடிப்பவர்கள் இந்தப் பாட்டைப் பத்துத் தடவை படிக்கலாம்.

ஆத்திசூடி பாடிய ஔவைப் பாட்டியா இவர்?

இல்லை. அவர் பல நூற்றாண்டு பிந்தியவர். அதியமானோடு இருந்த ஔவையைக் கோல் ஊன்றிய கிழவியாக நினைக்கவே வேண்டியதில்லை.

ஔவை பகைவனிடம் துணிந்து பேசினார், சரி. அதியமானிடமே அப்படிப் பேசியிருக்கிறாரா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 206ஆம் பாட்டு இதற்காகவே இருக்கிறது. பரிசில் தராமல் அதியமான் காலம் தாழ்த்துகிறான். ஔவை வாயிற்காவலனைப் பார்த்துப் பேசுகிறார்: "வாயிலோயே! வாயிலோயே!" நெடுமான் அஞ்சிக்குத் தன் தரம் தெரியவில்லையா, இல்லை என் தரம் தெரியவில்லையா? உலகத்தில் அறிவும் புகழும் உடையவர்கள் எல்லோரும் செத்துப்போய்விடவில்லை. மூட்டையைக் கட்டிவிட்டோம். மழுவோடு காட்டுக்குப் போகிற தச்சன் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் போனாலும் மரம் கிடைக்கும். எங்களுக்கும் அப்படித்தான். "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே."

எதிரியைத் திட்டுவதற்கு உடம்பில் கொஞ்சம் சூடு இருந்தால் போதும். நெல்லிக்கனி கொடுத்தவனிடம், சோறு போட்டவனிடம், நாளைக்கும் போட வேண்டியவனிடம் இப்படிப் பேசுவதற்கு வேறொன்று வேண்டும். வேறு வழி இருக்கிறது என்ற நம்பிக்கை அது. எந்தத் திசைக்கும் போக முடியும் என்று நம்புகிறவருக்குத்தான் வாய் திறக்கிறது. கொஞ்ச நேரத்தில் கர்ணனிடம் வருவோம், அவனுக்கு இல்லாமல் போனது இந்த வாக்கியம்தான்.

ஔவை மட்டுமல்ல. பெருஞ்சித்திரனார் என்ற புலவரும் அதியமானைத் தேடி வந்தார். குடும்பத்தில் பசி. அவனோ நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். 208ஆம் பாட்டில் அவர் அதைத் திருப்பிவிடுகிறார்: என்னைக் காணாமல் கொடுத்த இந்தப் பொருளுக்கு நான் வாணிகப் பரிசிலன் அல்லேன். தினையளவாக இருந்தாலும் என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து கொடுத்தால் போதும். பசியோடு இருப்பவன் காசைத் திருப்பிக் கொடுப்பது சாதாரண காரியமில்லை. "வீட்டில் பிள்ளைகள் பட்டினி, இவர் இப்படிச் செய்தது சுயநலம் இல்லையா?" என்று ஒரு பெண் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. மானத்துக்கான விலையைப் புலவர் மட்டும் கொடுக்கவில்லை, அடுப்படியில் இருந்தவரும் சேர்ந்துதான் கொடுத்தார். பாட்டு அதைப் பேசவில்லை, நாம் பேசலாம்.

அரசனிடம் உயிருக்குப் பயப்படாமல் பேசியதற்கு உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

கோவூர் கிழார். கிள்ளிவளவன், தன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளை யானையின் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். 46ஆம் பாட்டில் கோவூர் கிழார் அந்தக் குழந்தைகளைக் காட்டுகிறார். யானையைப் பார்த்து, அழுத அழுகையையே மறந்துவிட்டார்கள். புதிய கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். அந்த யானை தங்களைக் கொல்ல வந்தது என்று தெரியாத வயது. நீயோ ஒரு புறாவின் துன்பம் தீர்த்தவனின் வழிவந்தவன் என்று குலத்தையும் நினைவுபடுத்துகிறார். கடைசி அடி: "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே." கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம்.

கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. தேர்வை முழுவதும் அவன் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். குழந்தைகள் பிழைத்தார்கள் என்பது பாட்டின் அடிக்குறிப்பிலிருந்து தெரிகிறது.

தகடூரை அழித்த சேரனை நம் ஊர்க்காரர்கள் எப்படிப் பார்க்க வேண்டும்?

அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதை வென்றவன் பெருஞ்சேரல் இரும்பொறை. "தகடூர் எறிந்த" என்ற அடைமொழியே அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் அவனைப் பாடுகிறார். சின்னப் பிள்ளைகள் இவனை வில்லன் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவர்களிடம் புறநானூற்றின் 50ஆம் பாட்டைச் சொல்லுங்கள். களைத்துப்போன மோசிகீரனார் என்ற புலவர், முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு நீராடப் போயிருந்தது. அந்தக் கட்டிலில் ஏறியதற்குத் தண்டனை வெட்டு. வந்து பார்த்த அரசன் வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுத்து வீசினான். அந்த அரசன் இதே இரும்பொறைதான்.

ஒரு நாள் விசிறியதால் தகடூரில் செத்தவர்கள் எழுந்து வரப்போவதில்லை. ஆனால் சட்டம் கையில் இருந்தும், கொல்ல உரிமை இருந்தும், யாரும் கேள்வி கேட்க முடியாத நிலையிலும் ஒருவன் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தான். நம் ஊரை அழித்தவன் என்பதற்காக இதை மறைக்க நான் தயாரில்லை.

கூத்தில் கர்ணன் சாகும்போது எல்லோரும் அழுகிறோம். அவன் செய்தது சரியா?

இந்த ஒரு கேள்விக்கே ஒரு இரவு வேண்டும். நம் பக்கம் திரௌபதை அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பதினெட்டு நாள் வரைக்கும் நடக்கும். கர்ண மோட்சம் அன்றைக்குக் கூட்டத்தைக் கவனியுங்கள். அதுவரை கட்டியங்காரனின் நையாண்டிக்குச் சிரித்துக்கொண்டு, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இருந்தவர்கள், மனைவி பொன்னுருவி கர்ணனிடம் போருக்குப் போகாதே என்று மறிக்கும் இடம் வந்ததும் அப்படியே அடங்கிப்போவார்கள். முகவீணை இழுக்க ஆரம்பித்தால் முன்வரிசைப் பாட்டிகளின் முந்தானை கண்ணுக்குப் போகும்.

அழுவதற்குக் காரணம் இருக்கிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் குந்தி வந்து, நீ என் மூத்த மகன், பாண்டவர் பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறாள். கர்ணன் மறுக்கிறான். துரியோதனனின் மனைவியோடு தான் தனிமையில் இருந்தபோது அவளுடைய மேகலை அறுந்து மணிகள் சிந்த, அதைப் பார்த்த துரியோதனன் சந்தேகப்படவில்லை, "எடுக்கவோ? கோக்கவோ?" என்றுதான் கேட்டான். அப்படிப்பட்டவனுக்காகக் களம் போய்ச் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதே எனக்கு இனிப் புகழும் கருமமும் தருமமும் என்கிறான். தோற்கப்போகிற பக்கம் என்று தெரிந்தே நிற்கிறான். அம்மா கேட்ட வரத்தையும் கொடுத்துவிடுகிறான்: அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்லமாட்டேன், நாகக் கணையை ஒரு தடவைக்கு மேல் விடமாட்டேன். துணிவு என்று பார்த்தால் இவனுக்கு மேல் யாரும் இல்லை.

இப்போது இன்னொரு நாள் கூத்துக்குப் போவோம். துகிலுரிதல். அங்கேயும் கர்ணன் உட்கார்ந்திருக்கிறான். வியாச பாரதத்தில் அவன் சும்மா உட்கார்ந்திருக்கவுமில்லை. திரௌபதியை இழிவாகப் பேசுகிறான், ஆடையைக் களையச் சொல்வதே அவன்தான். கர்ண மோட்சத்தன்று அழுகிற நாம் இதை வசதியாக மறந்துவிடுகிறோம். கேட்டால் "சோறு போட்டவனுக்கு எதிராக எப்படிப் பேசுவான்?" என்பார்கள்.

நான் இங்கேதான் மாறுபடுகிறேன். சோற்றுக் கடன் உயிரைக் கேட்கலாம், கொடுத்தான், பெரிய மனது. அந்தக் கடன் இன்னொருவரின் மானத்தைக் கேட்கும்போதும் கொடுத்தானே, அது அவனுடையது இல்லையே. தன் கையில் இருப்பதைக் கொடுப்பவன் வள்ளல். அடுத்தவருடையதை எடுத்துக் கொடுத்துக் கடன் அடைத்தால் அதற்கு வள்ளல் என்று பேர் இல்லை. ஔவை சொன்ன "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" கர்ணனால் சொல்ல முடியவில்லை. எல்லாத் திசையிலும் அவனைத் தேரோட்டி மகன் என்று துரத்தியிருந்தார்கள், ஒரே ஒரு வீட்டில்தான் கதவு திறந்தது. அது அவன் வாயை அடைத்தது எப்படி என்று எனக்குப் புரிகிறது, அவனுக்காக அழவும் முடிகிறது. அவனைச் சரி என்று சொல்ல மட்டும் முடியவில்லை.

அந்தச் சபையில் யாருமே எதிர்க்கவில்லையா?

எதிர்த்தான் ஒருவன். விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. தன்னையே முதலில் தோற்றுவிட்ட தருமன் மனைவியை எப்படிப் பணயம் வைக்க முடியும் என்று திரௌபதி கேட்ட கேள்விக்கு பீஷ்மர், துரோணர் வாயிலிருந்து நேரான பதில் வரவில்லை. அந்த இடத்தில் வயதில் சிறியவனான விகர்ணன் எழுந்து, அவள் வெல்லப்படவில்லை என்கிறான். சபையில் சிலர் ஆமோதிக்கவும் செய்கிறார்கள். அவனை "சிறுபிள்ளை, உனக்கு என்ன தெரியும்" என்ற தோரணையில் அடக்குபவன் யார் தெரியுமா? நம் கர்ணன்.

விகர்ணனின் கதை அதோடு முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். போர் வந்ததும் அவன் அண்ணன் பக்கமே நின்று போரிட்டு வீமன் கையால் சாகிறான். நூறு பேரையும் கொல்வதாகச் சபதம் செய்த வீமன் இவனைக் கொன்றுவிட்டு வருந்துகிறான். சபையில் சொன்னதைக் களத்தில் அவனால் செய்ய முடியவில்லையா, இல்லை சொன்னதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தானா? இதற்கு மாணவர்கள் சொல்லும் பதில்கள் பெரியவர்களுடையதை விட நன்றாக இருக்கும். பெரியவர்களுக்கு உடனே பங்காளிச் சண்டை ஞாபகம் வந்துவிடுகிறது.

கும்பகருணனா, வீடணனா? பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் பேசலாம்?

எந்தப் பக்கம் கைதட்டல் வரும் என்றால், கும்பகருணன் பக்கம். கம்பன் அவனை அப்படி எழுதிவிட்டான். மந்திராலோசனையிலேயே அண்ணனைக் குத்திக் காட்டுகிறான்: பேசுவது மானம், பேணுவது காமம். எழுப்பிக் கொண்டுவந்த பிறகும் சீதையை விட்டுவிடு, தம்பியோடு சேர்ந்துகொள் என்கிறான். இராவணன் அவனைச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் சொல்லிக் கேவலப்படுத்தி, போய் உறங்கு என்கிறான். அதன் பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சூலத்தை எடுக்கிறான். வென்று வருவேன் என்று சொல்லமாட்டேன், விதி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது. நான் செத்தால் சீதையை விட்டுவிடு, அதுதான் உனக்கு நல்லது. களத்தில் வீடணன் வந்து கூப்பிடும்போது சொல்வது தமிழ் தெரிந்த எவரையும் அசைக்கும்: "நீர்க்கோல வாழ்வை நச்சி" நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன்.

கர்ணனுக்கும் இவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவன் வாய் திறந்தான். ஒருமுறைக்கு இருமுறை, அதுவும் சபையில். கடனைக் கழித்தான், உண்மையையும் சொல்லிவிட்டுக் கழித்தான்.

வீடணனுக்கு இந்தக் கைதட்டல் கிடைப்பதில்லை. "காட்டிக் கொடுத்தவன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கடல் தாண்டி வந்த உடனேயே இராமன் இலங்கை அரசைக் கொடுத்துவிட்டதும் அவனுக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஆனால் ஒன்று. தனக்குக் கெட்ட பேர் வரும், அண்ணன் தம்பி பாசம் தெரியாதவன் என்று காலம் காலமாகச் சொல்வார்கள் என்று தெரிந்தும் கிளம்பினான். உயிரைக் கொடுப்பதற்கு ஆள் கிடைப்பார்கள். பேரைக் கொடுப்பதற்குக் கிடைப்பது அபூர்வம். நான் பேசினால் வீடணன் பக்கம் பேசுவேன், தோற்றாலும் பரவாயில்லை.

கண்ணகி மதுரையை எரித்தது அறமா?

எல்லோரும் இங்கேயே நின்றுவிடுவதால் இரண்டு வரியில் சொல்கிறேன். முதியோர், குழந்தைகள், அறவோர், பத்தினிப் பெண்கள் முதலானோரை விட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று அவள் நெருப்புக்கு ஆணை இடுவதிலிருந்து, இளங்கோவுக்கே இந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. உறுத்தல் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கொலைக்களக் காதை. பொற்கொல்லனோடு வந்த காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்! பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் கள்வர்களின் சாமர்த்தியம் பற்றி ஒரு நீண்ட பாடம் எடுக்கிறான். இன்னொரு காவலன் தான் பார்த்த ஒரு திருடனைப் பற்றிக் கதை சொல்கிறான். இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

சந்தேகம் வந்தவர்கள் இருந்தார்கள். "கொஞ்சம் பொறு, அரசனிடம் கொண்டுபோவோம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் சிலப்பதிகாரத்தில் மூன்றாம் காண்டமே இருந்திருக்காது. பாண்டியன் பிறகு "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி உயிர் விட்டான். தன் தவற்றை நாடறிய ஒப்புக்கொண்டது பெரிய காரியம்தான். ஆனால் ஊடலில் இருந்த தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் விசாரிக்காமல் ஆணையிட்டவனும் அவனே. அந்த ஆணைக்கும் வாள் வீச்சுக்கும் நடுவில் நின்ற பேர் தெரியாத காவலர்கள்தான் என்னைத் தூங்கவிடாதவர்கள். அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் எவருக்கும் அந்த இடம் தெரியும்.

பயந்தாங்கொள்ளிப் பாத்திரம் துணிவுள்ள பாத்திரமாக மாற முடியுமா?

உத்தரனைப் பாருங்கள். விராட நாட்டு இளவரசன். அந்தப்புரத்துப் பெண்கள் முன்னால், நல்ல தேரோட்டி மட்டும் கிடைத்தால் கௌரவர்களை ஒரு கை பார்ப்பேன் என்று பீற்றிக்கொள்கிறான். பேடி வேடத்தில் இருந்த அர்ச்சுனன் தேர் ஓட்ட வருகிறான். கௌரவப் படையைக் கண்ணால் பார்த்ததும் உத்தரன் தேரிலிருந்து குதித்து ஓட்டம் பிடிக்கிறான். அர்ச்சுனன் துரத்திப் பிடித்து இழுத்து வருகிறான். கூத்தில் இந்த இடத்துக்கு விழுகிற சிரிப்பு பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும்.

சிரித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் மறந்துவிடுவது: அதே உத்தரன் குருக்ஷேத்திரத்தில் முதல் நாளே சல்லியனோடு மோதிச் செத்தான். அன்றைக்கு அவனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

இக்காலக் கதைகளில் இப்படிப்பட்ட பாத்திரங்கள் உண்டா? எல்லாம் அரசன் கதையாகவே இருக்கிறதே.

உண்டு, இன்னும் கூர்மையாகவே உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம், 1966இல் வந்த சிறுகதை. மழை நாளில் காரில் ஏறி ஏமாற்றப்பட்டு வீடு திரும்பிய பெண்ணை, முதலில் பதறி அடித்துவிடுகிற அம்மா, பிறகு அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை அங்கேயே முடித்துவிடுகிறாள். அந்தக் காலத்தில் இதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. பின்னர் அவரே சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலில் அதே சம்பவத்தை எடுத்து, அம்மா ஊர் அறியக் கூச்சல் போட்டுவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகும் என்று எழுதினார். ஒரே வீடு, ஒரே ராத்திரி, ஒரு தாய் எடுக்கும் இரண்டு முடிவு. துணிவு என்றால் கத்தி கேடயம் எல்லாம் வேண்டாம், குளியலறையில் ஒரு செம்புத் தண்ணீர் போதும் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

நம் பக்கத்து நடுகல்லில் இருப்பவர்களும் இந்த வரிசையில் வருவார்களா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி எங்கும் நடுகல் பார்க்கலாம். பல இடங்களில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பேரையே வைக்கிறார்கள். மாடு மீட்டுச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன் என்று ஒரு கல்லுக்கு ஒரு வரிதான் செய்தி. பாத்திரமாக விரிய இடமில்லை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு கல்லில் எஜமானோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது, இரண்டு திருடர்களைக் கடித்ததாம். அதியமானுக்கும் நடுகல் நட்டிருக்கிறார்கள். பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை, நாடே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாத அவன் ஏற்பானோ என்று ஔவை 232இல் அழுகிறார்.

மாணவர்கள் பேச்சுப் போட்டிக்கு எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

"துணிச்சல் மிக்கவர்", "அஞ்சா நெஞ்சர்" என்று அடைமொழி அடுக்க வேண்டாம், நடுவர் தூங்கிவிடுவார். அந்தப் பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் வேறு என்னென்ன வழி இருந்தது என்று எழுதுங்கள். தேர்ந்தெடுத்ததற்கு விலை கொடுத்தது யார் என்று எழுதுங்கள், பெரும்பாலும் அது பக்கத்தில் நின்ற வேறொருவராக இருக்கும். பாட்டு எண்ணைச் சொன்னால் பாட்டைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பாரதம் முழுவதும் படிக்க நேரமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி எழுதிய வியாசர் விருந்து எளிய நடை, எட்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே படித்துவிடும். பிறகு வில்லிபாரதத்தில் கிருஷ்ணன் தூது சருக்கத்தை மட்டும் உரையோடு படியுங்கள். புறநானூற்றில் 87இலிருந்து 104 வரை ஒரே மூச்சில் படித்தால் அதியமானும் ஔவையும் பழகிவிடுவார்கள்.

எங்கள் ஊர்க் கூத்தில் விகர்ணன் வந்ததாகவே ஞாபகம் இல்லையே?

சில ஜமாக்களில் அவன் பேச்சு இரண்டு வசனத்தில் ஓடிவிடும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. கூத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகும்போதே வாத்தியாரிடம், துகிலுரிதல் அன்றைக்கு விகர்ணன் எழுந்து பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். வேடம் கட்ட ஆள் பற்றாது என்று சொன்னால், முதல் காட்சியில் வந்து போன தூதனுக்கே கிரீடத்தை மாற்றிவிடலாம் என்று சொல்லுங்கள்.